மத்யன் நகரத்து ஒப்பந்தமும் துபாய் வீட்டு வாடகையும்

(வெளிநாடு செல்லும் சகோதரர்களுக்காகவும் அவர்களின் குடும்பத்தாருக்காகவும் நம் பள்ளிவாசல் வளாகத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் தலைவர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார் மற்றும் தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

தொழுகையைப் பற்றியும் நோன்பைப் பற்றியும் இப்பள்ளியில் நாம் அடிக்கடி பேசுகிறோம். இன்று வீட்டு வாடகை ஒப்பந்தத்தைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் எந்த பிக்ஹு கிதாபைத் திறந்தாலும், சுத்தம், தொழுகை, ஜகாத், நோன்பு, ஹஜ் ஆகிய பாடங்களுக்குப் பின் கொடுக்கல் வாங்கல் பாடம் வருகிறது. அதனுள் இஜாரா, அதாவது வாடகையும் கூலியும் பற்றிய பாடம் தனியாக இருக்கிறது. மனிதர்களுக்கிடையிலான உரிமைகளும் மார்க்கமே என்பதை நம் முன்னோர்களாகிய இமாம்கள் நன்கு உணர்ந்திருந்தார்கள். தவறவிட்ட தொழுகைக்குக் களா உண்டு. பிற மனிதனின் உரிமையில் தவறினால், அந்த மனிதன் பொறுத்துக்கொள்ளும்வரை நமக்கு விடுதலை இல்லை.

நம் மஹல்லாவில் வளைகுடாவுக்குச் சென்ற ஒருவரேனும் இல்லாத தெரு இல்லை. அங்கே சம்பாதிப்பதில் பெரும்பகுதி வாடகைக்குத்தான் போகிறது. அவ்வளவு பெரிய செலவுக்குரிய தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் படிக்காமலே கையெழுத்திடும் வழக்கம் நம்மிடையே உண்டு. "எல்லோரும் போடுகிறார்கள், நாமும் போடுவோம்" என்பதே காரணம். அந்தக் கையெழுத்தைப் பற்றியே இன்று பேசுகிறோம்.

மத்யனில் ஓர் அயலார்

எகிப்தை விட்டு அஞ்சி வெளியேறிய நபி மூஸா (அலை) அவர்கள் மத்யன் நகரத்து நீர்த்துறைக்கு வந்து சேர்ந்தார்கள். உறவு இல்லை, கையில் பொருள் இல்லை, அந்த ஊரில் அறிந்தவர் எவரும் இல்லை. ஆடுகளுக்குத் தண்ணீர் புகட்ட இயலாமல் ஒதுங்கி நின்ற இரு பெண்களுக்கு உதவினார்கள். அப்பெண்களின் தந்தை அவர்களை அழைத்து அடைக்கலம் தந்தார். பின்னர் வேலையும் தந்தார். தம் மகளையும் மணமுடித்துத் தர முன்வந்தார்.

இங்கே நாம் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். அடைக்கலம் தந்தவர் நல்லடியார். அடைக்கலம் பெற்றவர் ஒரு நபி. இருவருக்குமிடையே சந்தேகத்திற்கு இடமேயில்லை. அப்படியிருந்தும் ஒப்பந்தம் எவ்வளவு தெளிவாகப் பேசப்பட்டது என்பதை சூரத்துல் கஸஸின் 27, 28 ஆம் வசனங்களில் காண்கிறோம். காலம் எட்டு ஆண்டு என வரையறுக்கப்பட்டது. பத்தாக நிறைவு செய்தால் அது மூஸா (அலை) அவர்களின் சொந்த விருப்பம், கட்டாயம் அன்று எனப் பிரித்துக் கூறப்பட்டது. சிரமப்படுத்த விரும்பவில்லை என்று பெரியவர் வாக்களித்தார். இரு தவணைகளில் எதை முடித்தாலும் அதற்கு மேல் தம்மிடம் கேட்கக் கூடாது என்று மூஸா (அலை) அவர்களும் தம் பங்குக்கு உறுதி பெற்றார்கள். இறுதியில் அல்லாஹ்வைச் சாட்சியாக்கினார்கள்.

அயலூரில் ஒதுங்க இடம் தேடி வந்தவர், "தந்தது போதும், என்ன சொன்னாலும் சரி" என்று தலையாட்டவில்லை. கடமை எது, விருப்பம் எது என்று கேட்டுத் தெளிந்த பின்னரே இணங்கினார்கள். இணங்கிய பின்னரோ, இரண்டில் நீண்ட காலத்தையே நிறைவேற்றினார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கூறியதை இமாம் புகாரி பதிவு செய்கிறார்கள். கையெழுத்துக்கு முன் தெளிவு, கையெழுத்துக்குப் பின் தாராளம் என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம். நம்மில் பலரோ இதைத் தலைகீழாக்கி, முன்னே தாராளம் காட்டிப் பின்னே சச்சரவு செய்கிறோம்.

"வீட்டுக்காரரும் நம் தீனைச் சேர்ந்தவர்தானே, அவரிடம் போய்க் காகிதம் கேட்பதா?" என்று கூச்சப்படும் சகோதரர்களுக்கு மத்யனே விடை. குர்ஆனிலேயே மிக நீண்ட வசனமான சூரத்துல் பகராவின் 282 ஆம் வசனம், தவணைக் கடனை எழுதி வைப்பதையும் சாட்சி வைப்பதையும் பற்றியது. எழுதுவது அவநம்பிக்கையின் அடையாளமன்று. பின்னால் மறதியும் மனக்கசப்பும் நேராதிருக்க அல்லாஹ் காட்டிய வழி.

ஒப்பந்தம் யார் பெயரில்?

இஜாரா செல்லுபடியாவதற்குப் பயனும் அறியப்பட்டதாக இருக்க வேண்டும், கூலியும் அறியப்பட்டதாக இருக்க வேண்டும் என்பது பிக்ஹு சட்டம். எந்த வீடு, எத்தனை காலம், எவ்வளவு வாடகை ஆகிய மூன்றும் மங்கலின்றி இருக்க வேண்டும். இந்த அளவுகோலை நம்மவர் மிகுதியாக வாழும் துபாய்க்குப் பொருத்திப் பார்ப்போம். அபுதாபிக்கும் ஷார்ஜாவுக்கும் தனித்தனிச் சட்டங்கள் உண்டு என்பதால், நாம் கூறும் எண்களை அங்கே அப்படியே எடுத்துச் செல்லக் கூடாது.

துபாயில் வீட்டுக்காரருக்கும் வாடகைதாரருக்கும் இடையிலான உறவை 2007 ஆம் ஆண்டின் 26 ஆம் எண் சட்டமும், அதைத் திருத்திய 2008 ஆம் ஆண்டின் 33 ஆம் எண் சட்டமும் ஆளுகின்றன. அந்த நாட்டுக் குடிமகன், அயல்நாட்டார் என்ற வேறுபாடு இச்சட்டத்தின் பாதுகாப்பில் இல்லை. ஆனால் பாதுகாப்பு வேண்டுவோர் தம் ஒப்பந்தத்தை அரசில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு முறைக்கு 'இஜாரி' என்று பெயர். 'என் வாடகை' என்பது அச்சொல்லின் பொருள். பதிவுத் தாளில் எவர் பெயர் இருக்கிறதோ, அவருடைய வாடகை அது. தண்ணீர், மின் இணைப்புக்கும் குடும்ப விசாவுக்கும் அந்தத் தாளே ஆதாரம். வழக்கு என்று வந்தால் முதலில் கேட்கப்படுவதும் அதுவே.

ஒப்பந்தப் படிவம் அரபியிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். இரண்டுக்கும் முரண்பாடு நேர்ந்தால் அரபியே அங்கு மேலோங்கும். நம் பிள்ளைகள் மத்ரஸாவில் கற்ற அரபி இங்கே கை கொடுக்கிறது. 'முஅஜ்ஜிர்' என்றால் வாடகைக்கு விடுபவர். 'முஸ்தஃஜிர்' என்றால் வாடகைக்கு எடுப்பவர். 'முத்தத்துல் அக்து' ஒப்பந்தக் காலம். 'கீமத்துல் அக்து' ஒப்பந்தத் தொகை. 'மப்லகுத் தஃமீன்' திரும்பப் பெற வேண்டிய டெபாசிட் தொகை. இந்த ஐந்து இடங்களிலும் என்ன நிரப்பியிருக்கிறது என்று கண்ணால் பார்க்காமல் பேனாவைத் திறக்கக் கூடாது. முஅஜ்ஜிர் என்ற இடத்தில் உள்ள பெயரும், வீட்டின் உரிமைப் பத்திரத்தில் உள்ள பெயரும், நாம் எழுதும் செக்கில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறொருவர் வாங்குகிறார் என்றால் உரிமையாளர் தந்த அதிகாரப் பத்திரத்தைக் கேட்க வேண்டும். இடைத்தரகர் கையில் ரொக்கமாக வாடகையைக் கொடுத்துவிட்டு, பின்னர் அவரைத் தேடி அலைபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

கணக்கு முன்னே, வீடு பின்னே

ஆண்டு வாடகை 60,000 திர்ஹம் கொண்ட ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். நான்கு செக் என்று பேசினால் முதல் செக் 15,000. தளவாடம் இல்லாத வீட்டுக்கு வழக்கமான டெபாசிட் 5 சதவிகிதம், அதாவது 3,000. தரகர் கமிஷனும் வழக்கப்படி 5 சதவிகிதம், இன்னொரு 3,000. தண்ணீர், மின்சாரத்துக்கான வைப்புத்தொகை அடுக்குமாடி வீட்டுக்கு 2,000. ஆக வாசற்படி மிதிக்கும் முன்னரே 23,000 திர்ஹம் கைவிட்டுப் போகிறது. அதன்பின் மாதந்தோறும் மின் கட்டணத்தோடு நகராட்சியின் வீட்டுக் கட்டணம் சேர்ந்து வரும். அது ஆண்டு வாடகையில் 5 சதவிகிதம். பன்னிரண்டாகப் பிரித்தால் மாதம் 250 திர்ஹம். குளிரூட்டும் நிறுவனத்தின் 'சில்லர்' கட்டணம் தனியாக வரும் கட்டடங்களும் உள்ளன. குடும்பத்தை அழைக்க நினைப்பவர், வாடகையை மட்டும் கணக்கிட்டு இவற்றை விட்டுவிட்டால், கடன் வாங்கியே குடியேற நேரிடும். அந்தக் கடன் வட்டிக் கடனாகவும் அமைந்துவிட்டால் வீட்டின் பரக்கத்தே போய்விடும்.

எதைப் பேசலாம்?

விலை பேசுவது மார்க்கத்தில் ஆகுமானதே. கேட்டதைக் கொடுப்பது பெருந்தன்மை என்று எண்ணிச் சிலர் வாய் திறப்பதில்லை. பொய் சொல்லாமலும் அவதூறு பேசாமலும் கேட்பதில் குற்றமில்லை. கேட்கத்தக்கவை வாடகைத் தொகை மட்டுமல்ல.

முதலாவது, செக்குகளின் எண்ணிக்கை. செக்குகள் கூடக் கூட வீட்டுக்காரருக்குத் தவணை தவறும் அச்சம் கூடும். ஆகவே குறைந்த செக்கில் தர வசதியுள்ளவர் வாடகையைக் குறைத்துக் கேட்கலாம். வசதியில்லாதவர் சற்றுக் கூடுதல் வாடகைக்கு இணங்கிச் செக்குகளைக் கூட்டிக் கேட்கலாம்.

இரண்டாவது, பழுதுபார்ப்பு. வேறு விதமாக எழுதிக்கொள்ளாதவரை பராமரிப்பு வீட்டுக்காரர் பொறுப்பு என்று சட்டம் கூறுகிறது. ஆனால் பல ஒப்பந்தங்களில் வேறு விதமாகவே எழுதியிருக்கிறார்கள். குறிப்பிட்ட தொகைக்குள் அடங்கும் சிறு பழுது வாடகைதாரருக்கு, அதற்கு மேல் வீட்டுக்காரருக்கு என்று பிரிப்பது வழக்கம். அந்தத் தொகை எவ்வளவு, ஏசி இயந்திரம் எந்தப் பக்கம் சேரும் என்பதை எழுத்தில் பெற வேண்டும். ஜூலை மாதத்தில் ஏசி நின்ற பிறகு வாதிடுவதில் பயனில்லை.

மூன்றாவது, இடையில் வெளியேறும் நிபந்தனை. இதுவே மிக முக்கியம். ஒப்பந்தக் காலத்துக்குள் இருவரும் இணங்கினாலன்றி ஒருவர் மட்டும் முறித்துக்கொள்ள முடியாது என்பது அந்நாட்டுச் சட்டம். வேலை போய்விட்டது, ஊர் திரும்புகிறோம் என்பது மட்டும் போதுமான காரணமாகாது. தக்க இடையூறு நேர்ந்தால் இஜாராவை முறிக்கலாம் என்று ஹனபி மத்ஹபின் கிதாபுகளில் சட்டம் உண்டு. ஷாபிஈ மத்ஹபில் அவ்வளவு இடமில்லை. எம் மத்ஹபு எதுவாயினும், அங்கே தீர்ப்பு அந்நாட்டுச் சட்டப்படியே. ஆதலால், "இரண்டு மாதம் முன்னறிவிப்பு, இத்தனை மாத வாடகை ஈடு" என்று ஒரு வரியை முதலிலேயே எழுதிக் கேட்க வேண்டும். கம்பெனி வேலையில் இருப்பவர் எவருக்கும் அந்த ஒரு வரி ஒரு குடையாகும்.

வாடகை உயர்வும் வெளியேற்றமும்

புதுப்பிக்கும் வேளையில் வாடகையையோ வேறு நிபந்தனையையோ மாற்ற விரும்புவோர், வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தாலன்றி, காலம் முடிய 90 நாட்களுக்கு முன் அறிவிக்க வேண்டும். கடைசி வாரத்தில் தொலைபேசியில் கூறும் உயர்வுக்குத் தலை வணங்க வேண்டியதில்லை.

எவ்வளவு உயர்த்தலாம் என்பதற்கும் 2013 ஆம் ஆண்டின் 43 ஆம் எண் ஆணை வரம்பு கட்டியிருக்கிறது. நம் வாடகை, அதே பகுதியில் அதைப் போன்ற வீடுகளின் சராசரி வாடகையை விட 10 சதவிகிதம் வரை குறைவாக இருந்தால் உயர்வே கிடையாது. 11 முதல் 20 சதவிகிதம் வரை குறைவாயின் 5 சதவிகித உயர்வு. 21 முதல் 30 வரை குறைவாயின் 10. 31 முதல் 40 வரை குறைவாயின் 15. அதற்கும் மேல் குறைவாயின் 20. இவை உச்ச வரம்புகள். சராசரி என்ன என்பதை துபாய் நிலத்துறையின் வாடகைக் குறியீட்டில் எவரும் பார்க்கலாம். 2025 ஜனவரியில் அது கட்டடவாரியான புதிய முறைக்கு மாற்றப்பட்டது. முன்பு கூறிய 60,000 திர்ஹம் வீட்டுக்கு, குறியீட்டின் சராசரி 80,000 என்று வைத்துக்கொள்வோம். நாம் தருவது 25 சதவிகிதம் குறைவு. ஆகவே 66,000 வரை கேட்க அவருக்கு உரிமை உண்டு. அதற்கு மேல் கேட்க உரிமை இல்லை. அவருக்குள்ள உரிமையை மறுக்கவும் நமக்கு உரிமை இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

வீட்டைக் காலி செய்யச் சொல்வதற்கும் வரம்பு உண்டு. ஒப்பந்தம் முடிந்தபின் காலி செய்யச் சொல்ல, இடித்துக் கட்டுதல், ஆள் இருக்கையில் செய்ய இயலாத பெரும் புதுப்பிப்பு, உரிமையாளரோ அவரின் முதல்நிலை உறவினரோ குடியேறுதல், விற்பனை ஆகிய காரணங்களே ஏற்கப்படும். அதற்கும் 12 மாத முன்னறிவிப்பை நோட்டரி வழியாகவோ பதிவுத் தபாலிலோ தர வேண்டும். "நான் குடியேறப் போகிறேன்" என்று காலி செய்ய வைத்தவர், பொதுவாக இரண்டாண்டுகளுக்கு அதை வேறொருவருக்கு வாடகைக்கு விடக் கூடாது. வீடு கைமாறினாலும் புதிய உரிமையாளர் பழைய ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டவரே. தண்ணீரையும் மின்சாரத்தையும் துண்டித்து வெளியேற்றுவதும் சட்டவிரோதம்.

மறுபுறம், வாடகை கேட்டு முறைப்படி அறிவிப்பு வந்து 30 நாட்களுக்குள் செலுத்தாதவரையும், அனுமதியின்றி உள்வாடகைக்கு விட்டவரையும், வீட்டுக்குச் சேதம் விளைவித்தவரையும் காலத்தின் நடுவிலேயே வெளியேற்ற வழக்குத் தொடுக்கலாம்.

உள்வாடகை என்னும் புண்

இனிக் கூறப்போவது சிலருக்குக் கசக்கலாம். ஒருவர் தம் பெயரில் ஃப்ளாட் எடுக்கிறார். ஒவ்வோர் அறையையும் பலகை வைத்துத் தடுத்து, கட்டில் கட்டிலாகப் பிரித்து, ஊர்க்காரர்களுக்கே 'பெட் ஸ்பேஸ்' என்று விடுகிறார். ஊரார் ஒருவருக்கொருவர் ஆதரவு என்று இதை நியாயப்படுத்துகிறோம். "குத்தகைக்கு எடுத்தவர் தாம் பெற்ற பயனைப் பிறருக்கு விடலாம் என்று கிதாபில் இருக்கிறதே" என்று நம்மிடமே கேட்டவர்களும் உண்டு.

கிதாபில் அச்சட்டம் இருப்பது உண்மைதான். ஆனால் உரிமையாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி இன்றி உள்வாடகைக்கு விடக் கூடாது என்று அந்நாடு விதித்திருக்கிறது. விசா பெற்று நுழையும்போது அந்நாட்டின் சட்டத்துக்கு நாம் வாக்களித்திருக்கிறோம். கையெழுத்திடும்போது ஒப்பந்தத்துக்கும் வாக்களித்திருக்கிறோம். முஸ்லிம்கள் தம் நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்ற ஹதீஸின் கருத்தை இந்த இடத்தில் ஒதுக்கிவைக்க எவருக்கும் அதிகாரமில்லை. இன்னொன்றும் உண்டு: பலகைத் தடுப்புகள் தீப்பிடித்தால் வெளியேறும் வழியையே அடைத்துவிடும். 2025 ஜூன் மாதத்தில் துபாய் நகராட்சி ரிக்கா, முரக்கபாத், பர்ஷா, சத்வா, ரஃபா ஆகிய பகுதிகளில் இத்தகைய தடுப்புகள் மீது கடும் நடவடிக்கை எடுத்தது. அப்படி ஒரு சோதனை வரும் நாளில் கட்டில் வாடகை கொடுத்தவரே முதலில் தெருவுக்கு வருகிறார். அவரிடம் பதிவுத் தாளும் இல்லை, ரசீதும் இல்லை, முறையிட வழியும் இல்லை.

சேர்ந்து வசிப்பதே கூடாது என்று நாம் கூறவில்லை. தனியாக வாடகை கொடுக்கும் வசதி எத்தனை பேருக்கு இருக்கிறது? அனுமதி பெற்று, உடன் வசிப்போர் அனைவரின் பெயரையும் பதிந்து, தடுப்பு எழுப்பாமல், அளவான ஆட்களோடு வசிக்க வழி இருக்கிறது. துபாய் நிலத்துறை 2022 செப்டம்பரிலேயே உடன் வசிப்போரைப் பதியச் சொல்லிவிட்டது. பங்கு வாடகை வாங்குபவர் ரசீது கொடுக்க வேண்டும். வாங்கிய முன்பணத்தைத் தனியே அமானிதமாக வைத்திருக்க வேண்டும். தாம் கேன்சலில் ஊர் திரும்புவதாயின் உடன் இருப்போருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். இரவோடிரவாக விமானம் ஏறிவிட்டு அடுத்த ஜும்ஆவில் இங்கே முதல் ஸஃப்பில் நிற்பவரின் கழுத்தில், அங்கே தவிப்போரின் ஹக்கு தொங்கிக்கொண்டிருக்கும்.

செக் என்பது வாக்கு

முன்தேதியிட்ட செக்குகளைக் கட்டாகக் கொடுத்துவிட்டு மறந்துபோவோர் உண்டு. பணமின்றித் திரும்பும் செக்குக்காகச் சிறை என்ற நிலை 2022 ஜனவரி முதல் பெரும்பாலும் மாறியிருக்கிறது. இனிக் கவலையில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. கணக்கில் இருக்கும் அளவை வங்கி பகுதியாகக் கொடுக்க வேண்டும். மீதிக்காக வீட்டுக்காரர் நேரே அமலாக்க நீதிமன்றத்தை நாடலாம். அது பயணத் தடை வரை செல்லக்கூடும். கெட்ட எண்ணத்தோடு கணக்கை மூடுவதும், செக்கை நிறுத்தச் சொல்வதும் இன்றும் குற்றமே. வருமானம் நின்றுவிட்டால், செக் தேதிக்கு முன்னரே வீட்டுக்காரரிடம் சென்று தவணை கேட்பதுதான் கண்ணியம். கேட்டவருக்கு அவகாசம் கொடுப்பது நன்மை என்று அவரும் அறிந்தவர்தாம். தேதி கடந்தபின் தொலைபேசியை அணைத்துவைப்பவருக்கு எவரும் இரங்கமாட்டார்.

காலி செய்யும் நாள்

வாடகைதாரரின் கை அமானிதக் கை என்று பிக்ஹில் கூறுவார்கள். வரம்பு மீறாமலும் அலட்சியம் செய்யாமலும் பயன்படுத்தியதில் நேரும் தேய்மானத்துக்கு அவர் ஈடு தர வேண்டியதில்லை. துபாய் சட்டமும், காலம் முடிந்ததும் டெபாசிட்டையோ அதன் மீதியையோ திருப்பித் தர வேண்டும் என்கிறது. சுவரின் வண்ணம் மங்கியது தேய்மானம். கதவை உடைத்தது சேதம். இவ்விரண்டையும் பிரித்துக் காட்டும் சாட்சி, குடியேறிய நாளில் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவைத்த படங்களே. அன்று ஒரு மணி நேரம் செலவிட்டால், பிற்பாடு 3,000 திர்ஹத்துக்காக மன்றாட வேண்டியதில்லை.

பேச்சு முறிந்தால் 2013 இல் அமைக்கப்பட்ட வாடகைத் தகராறு தீர்வு மையம் இருக்கிறது. அங்கே கட்டணம் பொதுவாக ஆண்டு வாடகையின் மூன்றரை சதவிகிதம். குறைந்தது 500 திர்ஹம். அங்கே அரபியில்தான் நடவடிக்கை. பிணக்கின்போது வீட்டுக்காரர் வாடகையை வாங்க மறுத்தால், அதை அம்மையத்தில் செலுத்தி வைக்க வழியுண்டு. "அவர் வாங்கவில்லை, நான் கொடுக்கவில்லை" என்று சும்மா இருந்துவிட்டால் பழி நம்மீதே விழும்.

ஊரில் இருப்போருக்கு ஒரு வார்த்தை

வெளிநாட்டில் ஒருவர் மவுத்தாகிவிட்டால் ஜனாஸாவைப் பற்றியும் சம்பளப் பாக்கியைப் பற்றியும் விசாரிக்கிறோம். வீட்டைப் பற்றிப் பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை. வாடகை ஒப்பந்தம் வாடகைதாரரின் மரணத்தோடு முடிந்துவிடும் என்பது ஹனபி மத்ஹபின் சட்டம். வாரிசுகளுக்குத் தொடரும் என்பது ஷாபிஈ உள்ளிட்ட பெரும்பாலோரின் சட்டம். துபாய் சட்டம் பின்னதையே மேற்கொண்டிருக்கிறது. வாரிசுகள் விரும்பாவிட்டால் வீட்டுக்காரருக்கு அறிவித்து முடித்துக்கொள்ளலாம். அறிவித்து 30 நாட்கள் கழிந்தோ, ஒப்பந்தக் காலம் முடிந்தோ, எது முந்துகிறதோ அப்போது அது முடிவடையும். ஆனால் அறிவிக்காமலே இருந்தால் பாக்கியுள்ள செக்குகள் தேதி வந்ததும் வங்கிக்குப் போய்க்கொண்டிருக்கும்.

அந்த டெபாசிட் தொகை மய்யித்தின் சொத்து. அது வாரிசுகளுக்கு உரியது. அதில் விதவைக்குப் பங்குண்டு, அநாதைக்குப் பங்குண்டு. அந்த வீட்டில் கொடுபடாத வாடகை இருந்தால் அது மய்யித்தின் கடன். சொத்தைப் பங்கிடும் முன் தீர்க்க வேண்டியது. ஒப்பந்தம் எங்கே இருக்கிறது, எத்தனை செக் கொடுத்திருக்கிறார் என்பதே வீட்டாருக்குத் தெரியாவிட்டால் பாகப்பிரிவினையை எப்படிச் சரியாகச் செய்வது? ஆகவே சபராளிச் சகோதரர்களிடம் நாம் கேட்டுக்கொள்வது ஒன்றுண்டு: இஜாரித் தாளின் நகல், செக்குகளின் தேதியும் தொகையும் எழுதிய குறிப்பு, டெபாசிட் ரசீது ஆகிய மூன்றையும் ஊரில் உங்கள் மனைவியிடமோ தந்தையிடமோ கொடுத்துவையுங்கள். தாய்மார்களே, தராவிட்டால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது சந்தேகமன்று, பொறுப்பு.

நிர்வாகப் பெருமக்களிடமும் ஒரு வேண்டுகோள். அங்கே நீண்டகாலம் வாழ்ந்து அனுபவம் பெற்றவர்கள் நம்மிடையே பலர் உள்ளனர். புதிதாகப் புறப்படுவோர் கையெழுத்திடும் முன் தாளை அனுப்பிக் கேட்க, அவர்களில் இரண்டு மூன்று பேரை ஜமாஅத் அடையாளம் காட்ட வேண்டும். நோய் வந்தபின் பைத்துல்மாலிலிருந்து விமானச் சீட்டு எடுத்துக் கொடுப்பதைவிட, நோய் வராமல் காக்கும் இந்த ஆலோசனைக்குச் செலவு குறைவு, நன்மை அதிகம்.

மூஸா (அலை) அவர்கள் மத்யனை விட்டுப் புறப்படும்போது, அந்த ஊரில் எவருடைய ஹக்கும் அவர்கள் மீது இல்லை. சாவியை ஒப்படைத்து வெளியேறும் ஒவ்வொரு முறையும் நம் நிலையும் அவ்வாறே இருக்க வேண்டும்.

யா அல்லாஹ்! அயல்நாடுகளில் பாடுபடும் எங்கள் பிள்ளைகளுக்கு ஹலாலான ரிஸ்கையும் அமைதியான தங்குமிடத்தையும் தந்தருள்வாயாக. எவர் உரிமையையும் நாங்கள் பறிக்காமலும், எங்கள் உரிமையை எவரும் பறிக்காமலும் காப்பாயாக. எங்கள் வாக்குகளில் எங்களை உண்மையாளர்களாக்குவாயாக. ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாம்.